முதல் பிரசவத்துக்கு டூலா தேவையா, அல்லது அது காசுக்குப் பிடித்த கேடா?

கேட்டவருக்கு ஏழாம் மாதம், வீடு பழைய வண்ணாரப்பேட்டை. டூலா வைக்கலாமா, குழந்தை பிறந்த பிறகு கவுன்சலிங் எல்லாம் வேண்டுமா என்பது கேள்வி. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும், கேள்வி நல்ல கேள்விதான்.

டூலா என்பவர் கட்டணம் வாங்கிக்கொண்டு வரும் பிரசவத் துணை, பிரசவம் பார்க்க மாட்டார். ஊசி போடுவது, குழந்தையின் இதயத்துடிப்பு பார்ப்பது எதுவும் அவர் வேலை இல்லை. வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை கூடவே இருப்பார்: இடுப்பைப் பிடித்துவிடுவார், எழுந்து நடக்க வைப்பார், டாக்டர் சொன்னதைப் புரியும்படி சொல்வார். இது பணக்கார வீட்டு ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட தொகுப்பு 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்தது. விடாமல் ஒரு ஆள் துணைக்கு இருந்தவர்களுக்கு சிசேரியன் குறைவு, வலி நேரமும் கொஞ்சம் குறைவு.

ஆனால் அந்தத் துணை கட்டணம் வாங்குகிற ஆளாகத்தான் இருக்க வேண்டுமா? அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாகப் பெண் உறவினர் ஒருவரை உள்ளே விடுகிறார்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம் அரசு பிரசவ ஆஸ்பத்திரியில் என் நாத்தனாருக்கு நான்தான் போனேன். அத்தைக்கு வருத்தம்தான், பெற்றவள் நான் இருக்க இவள் எதற்கு என்று. ஆனால் மகள் முகம் சுளித்தாலே அத்தைக்குக் கண் கலங்கிவிடும், பிரஷர் வேறு. உள்ளே நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. வலி ஏறும்போது முதுகுத்தண்டு முடிகிற இடத்துக்குச் சற்று மேலே உள்ளங்கை அடிப்பாகத்தால் அழுத்தி வைத்தேன், இறங்கியதும் எடுத்தேன். 'இன்னும் கீழ, இன்னும் கீழ' என்று அவளே இடம் காட்டினாள். நடுவில் ஒரு வாய் தண்ணீர். அதனால் யார் உறவு என்பதைவிட யார் பதறமாட்டார்கள் என்று பாருங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் டூலா நல்ல வழிதான். முன்பணம் கட்டும் முன் ஆஸ்பத்திரியில் கேளுங்கள். லேபர் வார்டுக்குள் ஒரு ஆளைத்தான் விடுவோம் என்றால், கணவரா டூலாவா என்ற பஞ்சாயத்து வாசலில் நடக்கும்.

என்னைக் கேட்டால், காசு இருந்தால் பிரசவத்துக்குப் பின் வரும் வாரங்களுக்கு எடுத்து வையுங்கள். முதல் பத்து நாள் வீடு நிறைய ஆள் இருக்கும். காசிமேட்டிலிருந்து பால் சுறா வரும், புட்டு செய்வார்கள், பூண்டுக் குழம்பு வரும், குளிப்பாட்ட ஆயா வருவார். எல்லாம் சரி. (பச்சை உடம்பு, தண்ணீர் குடிக்காதே என்பதை மட்டும் கேட்காதீர்கள், பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் வேண்டும்.) பிள்ளை தூங்கிச்சா, பால் குடிச்சுதா என்று ஊரே கேட்கும். நீ தூங்கினாயா என்று கேட்க ஆள் இருக்காது. ராத்திரி பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்ள ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால்கூடத் தப்பில்லை.

மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் அழுகை, பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமை, பிள்ளைமேல் ஒட்டுதலே இல்லாமை நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். டூலா தோள் கொடுப்பார், ஆனால் இதற்கு மனநல ஆலோசகரோ டாக்டரோதான் வேண்டும். இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. போன ஏழு நாள் எப்படி இருந்தது என்றுதான் கேட்பார்கள். மாத்திரை வேண்டியிருந்தால் பால் கொடுப்பதைச் சொல்லுங்கள், அதற்கேற்றது தருவார்கள். கண்ணு பட்டுவிட்டது என்று மந்திரிக்கக் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள், சண்டை எதற்கு. டாக்டரையும் பாருங்கள்.

ஒன்று மட்டும் வேறு ரகம். நாள்கணக்கில் தூங்காமல், காதில் குரல் கேட்கிறது, இது என் பிள்ளையே இல்லை என்று பேசத் தொடங்கினால் ஒரு ராத்திரிகூடக் காத்திருக்கக் கூடாது. தாயையும் பிள்ளையையும் தனியாக விடாமல், நேரே ஸ்டான்லிக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ போக வேண்டும்.

ஒற்றை அறை வீட்டில் மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனதைப் பேச முடியாதுதான். அதற்கு அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுங்கள். சோர்ந்து கிடக்கும்போது போனை எடுக்கவே தோன்றாது. அதனால் அந்த எண்ணை உங்கள் வீட்டுக்காரர் போனில் இப்போதே பதிந்து, இரண்டு வாரம் தாண்டியும் நான் இப்படியே இருந்தால் நீங்கள்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் மனசு சரியில்லை என்றால் அதே எண்தான்.