இலைச் செல்லில் சர்க்கரை தயாராவது எந்த இடத்தில்?

ஒளிச்சேர்க்கை பசுங்கணிகத்தில் நடக்கிறது என்றால் சர்க்கரைக்கான நொதிகளும் மொத்தமாக அங்கேதானே இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. ஜேசி (சிங்கப்பூரின் தொடக்கக் கல்லூரி) மாணவர்கள் பலரும் சறுக்கும் இடம் இது.

பசுங்கணிகத்தின் உள்ளே நிறைந்திருக்கும் திரவப் பகுதியான ஸ்ட்ரோமாவில், கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரைப் பொருளாக மாற்றும் கால்வின் சுழற்சியின் நொதிகள், ரூபிஸ்கோ உட்பட, இருக்கின்றன. மாவுச்சத்தைக் கட்டும் நொதிகளும் அங்கேதான். ஆனால் கோப்பி ஓவில் (பாலில்லாக் காப்பி) கலக்கும் சர்க்கரை இருக்கிறதே, அந்த சுக்ரோஸ் அங்கே உருவாவதில்லை. கால்வின் சுழற்சியில் உருவாகும், மூன்று கார்பன் கொண்ட ட்ரையோஸ் பாஸ்பேட், பசுங்கணிகத்தின் உள்சவ்விலுள்ள கடத்திப் புரதம் வழியே வெளியிலுள்ள செல் திரவமான சைட்டோசோலுக்குப் போகும். சும்மா விடமாட்டார்கள், பதிலுக்கு ஒரு பாஸ்பேட் உள்ளே வந்தாக வேண்டும். வெளியே, சுக்ரோஸ் கட்டும் பணியில் முக்கிய நொதியான சுக்ரோஸ் பாஸ்பேட் சிந்தேஸ் காத்திருக்கும். சுக்ரோஸை உடைக்கும் அமில இன்வெர்டேஸ் என்ற நொதி நுண்குமிழிலும் (vacuole) செல்சுவரிலும் இருக்கும்.

இரவில் மாவுச்சத்து உடைந்து, பெரும்பாலும் மால்டோஸ் என்ற சர்க்கரையாகப் பசுங்கணிகத்திலிருந்து வெளியேறும். வீட்டுத் தாழ்வாரச் செம்பருத்தியில் மாலை 6 மணிக்கு ஓர் இலை, விடியுமுன் ஓர் இலை பறியுங்கள். பள்ளி ஆய்வகத்தில் பச்சையம் நீக்கி மாவுச்சத்தைக் காட்டும் அயோடின் விட்டால் முதலாவது கருநீலமாகும். மற்றது பழுப்பாகவே கிடக்கும்.