மாமா பேசிய சீட்டும் அம்மாவின் பீடி அட்டையும்

முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாயின் கேள்வி. மகள் பிளஸ் டூவில் 600-க்கு 487, கணக்கில் மட்டும் 97. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழி. அம்மா பீடி சுற்றுகிறார், அப்பா சுமை தூக்குகிறார், சாதிச் சான்றில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பிள்ளை பி.எஸ்சி. கணிதம் என்கிறாள். கோயம்புத்தூரில் இருக்கும் தாய்மாமனோ, "பி.எஸ்சி. படிச்சு என்ன செய்யப் போறா? மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசிட்டேன். அட்வான்ஸ் அம்பதாயிரம் மட்டும் கட்டு, மிச்சத்துக்கு ஸ்காலர்ஷிப் வந்துரும்" என்கிறார். அண்ணன் பேச்சைத் தட்டவும் மனசில்லை, நகையை அடகு வைக்கவும் பயம். "ஸ்காலர்ஷிப் நிச்சயம் வருமா?" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, உங்கள் அண்ணன் சொல்கிற கணக்கில் வராது. பயப்படாதீர்கள், எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ஐம்பதாயிரத்தைக் கட்டிய பிறகு பார்த்துக்கொள்ள ஒன்றும் மிச்சம் இருக்காது.

சீட்டு எந்த வாசல் வழியாக வந்தது என்பதைப் பார்த்துத்தான் அரசு பணம் கொடுக்கிறது. படிப்பின் பெயரையும் வீட்டுக் கஷ்டத்தையும் அதற்குப் பிறகுதான் பார்க்கும். முதல் பட்டதாரி சலுகை கலந்தாய்வில் எடுத்த இடத்துக்கு மட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வில்தான். ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில்கூட மேனேஜ்மென்ட் இடங்களை விலக்கிவிட்டார்கள். மாமா பேசியிருப்பது பக்கத்து வாசல். அதில் நுழைந்துவிட்டுப் பெரிய வாசலில் கொடுக்கிற பணத்தைக் கேட்க முடியாது.

7.5 சதவீதத்தில் நம் ஊர்ப்பக்கம் ஒரு பெரிய குழப்பம் உண்டு. பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூர் வரைக்கும் சபைப் பள்ளி, சங்கப் பள்ளி என்று உதவிபெறும் பள்ளிகள் நிறைய. சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, அதனால் அரசுப் பள்ளி என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு அவை சேராது, உங்கள் மகளுக்கும் கிடையாது. ஆனால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2022-ல் தொடங்கியபோது அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் இருந்ததை 2024-25 முதல் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். அதே பள்ளியின் இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன் என்றால் கிடையாது. அதனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எந்த வழியில் படித்தாள் என்று பள்ளிப் பதிவிலேயே சரியாக இருக்கிறதா எனப் பாருங்கள். பள்ளி மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண்ணை வைத்து, கல்லூரி மாணவர் பதிவுத் தளமான யூமிஸில் ஏற்றும்போதுதான் தப்பு வெளியே வரும். பள்ளியிலேயே திருத்திக்கொள்வது சுலபம்.

மாமாவின் கணக்கைப் பார்ப்போம். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வைத்த அளவுப்படி தனியார் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 முதல் 55,000, மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000 முதல் 87,000. நான்கு வருடத்துக்கு மூன்றரை லட்சம் என்று வையுங்கள். ஹாஸ்டல், மெஸ், பஸ் தனி. கல்விக்கடன் 4 லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதில் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடப்போவது நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும், மாமா அல்ல. "சீட்டை பிளாக் பண்ண" ஒரிஜினல் டி.சி.யும் மார்க் ஷீட்டும் கேட்டால் கொடுக்க வேண்டாம். வகுப்பு தொடங்குமுன் விலகினால் ஆயிரம் ரூபாய்க்குமேல் பிடிக்கக்கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) விதி வைத்திருக்கிறது. ரசீது இல்லாமல் கொடுத்த அட்வான்ஸுக்கு அந்த விதியும் துணைக்கு வராது.

அவளுக்குப் பொறியியல்தான் ஆசை என்றால் கலந்தாய்வு வழியை எழுதியிருப்பேன். அவளே கணக்கு வேண்டும் என்கிறாள், 97 வாங்கியும் காட்டிவிட்டாள். பி.எஸ்சி. கணிதத்துக்குப் பிறகு எம்.எஸ்சி., எம்.சி.ஏ., புள்ளியியல், பி.எட்., வங்கித் தேர்வு, ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வு என்று வழிகள் இருக்கின்றன. பிடிக்காத படிப்பில் அரியர் சேர்ந்தால் அதற்கும் சேர்த்து வட்டி கட்டப்போவது உங்கள் வீடு. இந்த ஒரு விஷயத்தில் சொந்தக்காரர்களின் ஓட்டு எண்ணப்படாது.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே ஆன்லைன் விண்ணப்பம், 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும். திருநெல்வேலி ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியை முதல் விருப்பமாகப் போடுங்கள். அரசுக் கல்லூரியில் இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. உதவிபெறும் கல்லூரி என்றால் சேரும்போது ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: "இது ஏய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" ஒரே கட்டிடம், ஒரே பெயர்ப்பலகை, ஆனால் பாடப்பிரிவு இரண்டு வகை: ஏய்டட் அரசு உதவியில் நடப்பது, செல்ஃப் ஃபைனான்ஸ் மாணவர் கட்டணத்தில் நடப்பது. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் பிள்ளைகளுக்கு வருமான வரம்பே பார்க்காமல் கொடுக்கும் இலவசப் பட்டப்படிப்பு உதவி ஏய்டட் இடத்துக்கு உரியது. செல்ஃபில் சேர்ந்துவிட்டு ஆபீஸில் போய் நின்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். தங்குவதற்குப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி இருக்கிறது. வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவேண்டும் என்ற விதி பெண்பிள்ளைகளுக்கு இல்லை.

இனி, மாமாவும் நீங்களும் கவனிக்காத ஒன்று. உங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை. நம் பக்கம் பெண்கள் அதை மருந்தகத்துக்குப் போக மட்டும் எடுப்பார்கள். மத்திய தொழிலாளர் நல அமைப்பு அந்த அட்டைக்குப் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் கொடுக்கிறது: நாலாம் வகுப்பு வரை 1,000, எட்டு வரை 1,500, பத்து வரை 2,000, பிளஸ் ஒன் பிளஸ் டூவுக்கு 3,000, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பட்டப்படிப்புக்கு 6,000, தொழிற்படிப்புக்கு 25,000. எல்லாம் ஆண்டுக்கு. பீடித் தொழிலாளியின் குடும்ப வருமானம் மாதம் 10,000-க்குள் இருக்கவேண்டும். தொழிலாளி குறைந்தது 6 மாதம் வேலை பார்த்திருக்கவேண்டும்.

இது கெடுவதெல்லாம் பெயரில்தான். மாமியார் பேரில் பீடிக் கடைப் பாஸ்புக், சுற்றுவது மருமகள். கடையில் இலையும் தூளும் வாங்குவது ஒரு பேரில், சொளவு (முறம்) வைத்துச் சுற்ற உட்கார்வது மூன்று பேர். கூலி வாங்க இது வசதிதான், உதவித்தொகைக்கு உதவாது. அட்டை மாணவியின் அம்மா அல்லது அப்பா பேரில் இருக்கவேண்டும், பாட்டி அட்டை செல்லாது. உங்கள் பேரில் இல்லையென்றால் கடையில் உங்கள் பேரைப் பதியச் சொல்லி, அவர்கள் கையெழுத்திட்ட படிவத்தோடு பீடித் தொழிலாளர் மருந்தகத்தில் அட்டைக்கு எழுதிக் கொடுங்கள்.

பெயர் இருந்தாலும் எழுத்து மாறும். அட்டையில் 'இசக்கியம்மாள்' என்று இருக்கும். அதை இங்கிலீஷில் ஆதார்காரர் 'ஐ' (I) எழுத்தில் தொடங்கியிருப்பார், பேங்க்காரர் 'ஈ' (E) எழுத்தில். ஒன்றில் அப்பா இனிஷியல், மற்றதில் வீட்டுக்காரர் இனிஷியல். மனுஷருக்குப் புரியும், கம்ப்யூட்டருக்குப் புரியாது. முதலில் ஆதாரைத் திருத்துங்கள், மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகச் செய்யுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை அலைச்சல்.

விண்ணப்பம் தேசியக் கல்வி உதவித்தொகைத் தளத்தில். மகளின் ஆதாரை வைத்து முதலில் ஓ.டி.ஆர். எனும் ஒருமுறைப் பதிவு, செல்போனில் முகத்தைக் காட்டி முடிக்கவேண்டும். பிறகு அட்டையின் இரண்டு பக்கமும், மகளின் பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கமும், வருமானச் சான்றும், போன வருட மார்க் ஷீட்டும் ஏற்றவேண்டும். நிழல் விழுந்த போட்டோ, பாதி வெட்டுப்பட்ட பக்கம் என்றால் குறை என்று திரும்பும். 'சப்மிட்' கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கல்லூரியில் அதற்கென்று இருக்கும் அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்பவேண்டும், அதற்குப் பிறகுதான் நல அமைப்பு பார்க்கும். கல்லூரி மேஜையிலேயே தூங்கிப்போகும் விண்ணப்பங்கள் ஏராளம். பத்து நாளைக்கு ஒருமுறை நிலவரத்தைப் பார்த்து, நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். கடைசித் தேதி வழக்கமாக அக்டோபர் 31 வாக்கில் வரும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவேண்டும்.

வருமானச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய், செல்லுபடி ஓராண்டு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாக நகர்ந்து வர நாளாகும், ஜூன் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வேறு உதவித்தொகை வாங்குகிறவருக்குப் பீடி உதவித்தொகை இல்லை என்பது அதன் விதி. கல்லூரியில் சேர்ந்த அன்று நீட்டுகிற எல்லாப் படிவத்திலும் கையெழுத்துப் போடாமல், எதில் பணம் கூடுதல் என்று பார்த்துப் போடுங்கள். புதுமைப்பெண் திட்டம் தன் பக்கத்தில் வேறு உதவித்தொகை வாங்கினாலும் தருவோம் என்கிறது. மூன்று வருடத்துக்கு 36,000. அதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது. விண்ணப்பத்தில் வேறு உதவி பெறுகிறீர்களா என்று கேட்டால் உள்ளதை எழுதுங்கள். மறைத்து வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்பார்கள்.

பணம் மகளின் சொந்தக் கணக்குக்குத்தான் வரும். பள்ளியில் உங்களோடு சேர்த்துத் திறந்த மைனர் கணக்கு இருந்தால் 18 முடிந்ததும் அவள் பேருக்கு மாற்றுங்கள். பேங்கில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழ ஆதாரை அந்தக் கணக்கோடு 'சீடிங்' செய்வது வேறு. கவுண்டரில் அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். கடைசியாக எந்த பேங்கில் சீடிங் ஆனதோ அங்கேதான் பணம் போகும். பழைய பேங்கில் காத்திருந்துவிட்டுப் பணம் வரவில்லை என்று புகார் கொடுப்பவர்கள் பலர்.

அண்ணனுக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தால் இப்படிச் சொல்லுங்கள்: "கோட்டா சீட்டுக்கு ஸ்காலர்ஷிப் உண்டுன்னு அந்தக் காலேஜ்ல எழுதி, சீல் வச்சு வாங்கிட்டு வா அண்ணே, நகையை வைக்கேன்." அவர் போய்க் கேட்டு வருவதற்குள் நீங்கள் பெட்டியைத் திறந்து, அட்டையில் இருப்பது உங்கள் பேரா, மாமியார் பேரா என்று பாருங்கள்.