மோக்கி டக்வேயும் 13 லிட்டர் டேங்கும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஜூலையில் வாடகை பைக்கில் மெக்சிகன் ஹேட் ஊரிலிருந்து மோக்கி டக்வே என்ற சரளை மலைச்சாலை ஏறி ஹாங்க்ஸ்வில் ஊருக்குப் போக 13 லிட்டர் டேங்க் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தூரம் சுமார் 210 கி.மீ. நடுவில் நம்பிப் போக ஒரு பங்க் கிடையாது. லிட்டருக்கு 20 கொடுக்கும் வண்டி 260 வரை ஓடும். எதிர்காற்றும் பெட்டிச் சுமையும் அதில் கணிசமாகத் தின்றுவிடும். ஆகவே மெக்சிகன் ஹேட்டிலேயே முழுதாக நிரப்புங்கள். யூட்டாவில் பல பங்குகளில் சாதா பெட்ரோலின் ஆக்டேன் (இன்ஜின் தட்டலைத் தாங்கும் அளவு) 85தான். வண்டிக் கையேட்டைப் பார்த்து, தேவையென்றால் 91 போடுங்கள்.

டக்வேயில்தான் கவனம் வேண்டும். ஏறக்குறைய 5 கி.மீ. சரளை, 11 சதவீத ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள். வளைவின் உள்பக்கம் சரளை தளர்ந்து குவிந்திருக்கும். அங்கே முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். முதல் கியர், சீரான ஆக்சிலேட்டர், பார்வை வளைவின் முடிவில். மழை பெய்திருந்தால் ஏறவே வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தில் மண்சாலைக்குத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பிளஃப், பிளாண்டிங் ஊர்கள் வழியாகச் சுற்றி, ஹாங்க்ஸ்வில் போகும் 95ஆம் சாலையைப் பிடியுங்கள். பிளாண்டிங்கில் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர், கூடவே உப்புக் கரைசல் பொட்டலம். காலை 6 மணிக்கே கிளம்புங்கள். ஜூலை பாதியிலிருந்து பிற்பகல் இடிமழை வரும். சாலையின் குறுக்கே செம்மண் நீர் ஓடினால், கணுக்கால் அளவே ஆனாலும், வடியும்வரை நில்லுங்கள்.