செத்த ஈஸ்ட் மீனுக்கு என்ன செய்யும்?

அணைக்கட்டுப் பக்கம் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கும் ஒருவர் கேட்கிறார்: "போன தை மாசம் வலை போட்டு எடை பார்த்த நாலைந்து நாளில் மீன் உடம்பில் சிவப்புப் புள்ளி வந்து சில செத்தும் போச்சு. கடைக்காரர் ஈஸ்ட் பவுடரைத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார். செத்த ஈஸ்ட் எப்படி நோயைத் தடுக்கும்?"

தடுக்க உதவும், ஆனால் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும்.

மீனை வெட்டும்போது செவுளுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒன்று இருக்கும், ரத்தக்கட்டி என்று வழித்துப் போட்டுவிடுவோம். அதுதான் தலைச் சிறுநீரகம். நமக்கு எலும்பு மஜ்ஜை செய்கிற வேலையை மீனுக்கு அது செய்கிறது, மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் அங்கே ஏராளம். அதில் கொஞ்சம் எடுத்து ஈஸ்ட் கலந்து அரை மணி நேரம் வைத்து, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்: செல்லுக்குள்ளே இரண்டு மூன்று ஈஸ்ட் உருண்டைகள், பைக்குள் போட்ட கோலிக்குண்டு மாதிரி தெரியும். ஈஸ்ட் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அது தன் உடம்புப் பொருள் இல்லை, பூஞ்சையுடையது என்று செல் தொட்டே கண்டுகொள்ளும். உடனே தன் சவ்வை இரண்டு பக்கமும் நீட்டி, துகளைச் சுற்றி வளைத்து, ஒரு பையாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் செரிக்கும் நொதிகள் உள்ள பைகள் அதோடு சேரும், ஆக்சிஜனிலிருந்து நச்சு உருவாக்கியும் கொல்லும். ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்பது செல்லுக்குப் பொருட்டில்லை, சுவர் இருந்தால் போதும். இப்படி உசுப்பப்பட்ட செல்கள் பிறகு வரும் பாக்டீரியாவையும் சுறுசுறுப்பாக விழுங்கும்.

ஒரு விஷயம், பேக்கரி ஈஸ்டும் தீவனத்தில் கலக்கும் பீட்டா குளுக்கான் பவுடரும் ஒன்றல்ல. முழு ஈஸ்டில் குளுக்கானின் பெரும்பகுதியை மேலே வேறொரு படலம் மூடியிருக்கும், அதனால் பாக்கெட்டில் பீட்டா குளுக்கான் என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

உங்கள் கதையில் நான் பெரிதாக நினைப்பது வலையும் குளிரும்தான். வலையில் புரண்டு மிரண்ட மீனுக்கு கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி, இந்தச் செல்கள் விழுங்கும் வேகம் குறையும். மீன் குளிர் ரத்தப் பிராணி, மார்கழி, தையில் தண்ணீர் குளிர்ந்தால் இந்த வேலையும் மந்தமாகும். இரண்டும் சேர்ந்த நேரத்தில் செதில் உரிந்த இடம் வழியாகக் கிருமி நுழைந்திருக்கும். கார்த்திகையிலேயே இரண்டு மூன்று வாரம் பவுடர் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள், வருஷம் முழுக்கக் கொடுத்தால் பலன் மங்கும். தையில் வலை வேண்டாம்.

புள்ளி வந்த பிறகு பவுடரை நம்பாதீர்கள், நோய் கண்ட மீன் தீவனமே எடுக்காது. உயிரோடிருக்கும் இரண்டு மீனைக் குட்டைத் தண்ணீரோடு மீன்வளத் துறை அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள்.