நண்பரின் மகன் அறுவை சிகிச்சைக்கு ஃபேஸ்புக்கில் பணம் திரட்டலாமா, கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை உண்டா?

தாராளமாகத் திரட்டலாம். 2021-இல் கேரளத்தில் ஒரு குழந்தையின் 18 கோடி ரூபாய் மருந்துக்கு, சில நாட்களிலேயே தேவைக்கு மேல் சேர்ந்தது. ஆனால் எல்லாப் பதிவும் அப்படி ஓடாது. முதல் ஆயிரங்கள் உங்களை நேரில் அறிந்தவர்களிடமிருந்துதான் வரும். அவர்கள் கொடுத்த பிறகுதான் முகம் தெரியாதவர்கள் நம்புவார்கள்.

பதிவில் கண்ணீரைவிடக் கணக்கு முக்கியம். மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீடு, கையிலிருக்கும் தொகை, காப்பீடு தருவது, இன்னும் தேவைப்படுவது, இவ்வளவும் இருக்கட்டும். தேதி கட்டாயம். தேதியில்லாத பதிவு சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் கழித்தும் வாட்ஸ்அப்பில் சுற்றும். யாராவது ஜிபே எண்ணை மாற்றி ஒட்டினால் போச்சு! பையன் படத்தைப் போடும் முன் பெற்றோரை மட்டுமல்ல, விவரம் புரிகிற வயதென்றால் அவனையும் கேளுங்கள்.

வரி விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். தனிநபருக்குக் கொடுப்பதற்கு 80ஜி எனப்படும் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது. அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் உண்டு, அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படியும் இல்லை. இன்னொன்று: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் கணக்கில் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அந்த முழுத்தொகையும் அவருடைய வருமானமாகக் கருதப்படலாம். அதனால், முடிந்தவரை பணத்தை நேரே மருத்துவமனைக் கணக்கில், நோயாளி எண்ணைக் குறிப்பிட்டுச் செலுத்தச் சொல்லுங்கள். தொகை பெரிதென்றால் முதலிலேயே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.