ஞாயிற்றுக்கிழமை வாங்கின காய் வெள்ளி வரைக்கும்: கேள்வி பதில்

திருநகர்: ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். ஞாயிறு காலையில மதுரை அண்ணாநகர் உழவர் சந்தையில வாரத்துக்கும் சேர்த்து வாங்கிடுறோம். புதன்கிழமைக்குள்ள பாதி அழுகிடுது.

வாங்குற அன்னைக்கே எது முதல்ல, எது கடைசின்னு பிரிச்சிடுங்க. கீரை, வாழைப்பூ ஞாயிறு, திங்கள். வெண்டை, கத்தரி, அவரை செவ்வாய், புதன். முருங்கைக்காய், கேரட் வியாழன். வெட்டாத பூசணி, சேனை, சின்ன வெங்காயம் வெள்ளிக்கு. இந்த மூணுக்கும் பிரிட்ஜே வேண்டாம், காத்தாடுற கூடை போதும்.

கீரைக்கட்டை வாழைநாரோட அப்படியே உள்ள தள்ளாதீங்க, நடுவுலதான் முதல்ல அழுகும். கட்டைப் பிரிச்சு, வேரை நறுக்கி, பழுத்த இலையை எடுத்துட்டு, கழுவாம பருத்தித் துணியில சுத்தி பிரிட்ஜ் அடித்தட்டுல வைங்க. சிறுகீரை, அரைக்கீரை மூணு நாள் தாங்கும். செய்தித்தாள்ல சுத்தாதீங்க, அச்சு மை ஒட்டும். முருங்கைக்கீரையை ராத்திரி துணியில இறுக்கி மூட்டை கட்டி வெளியிலேயே வச்சா காலையில உதறினதும் இலை தானா உதிரும். உருவுற வேலை மிச்சம்.

வெண்டையும் கத்தரியும் ரொம்பக் குளிர் தாங்காது. பிரீசருக்குக் கீழ்த்தட்டுல வச்சா தோல்ல கறுப்புப் புள்ளி விழும். அதுங்களுக்கும் அடித்தட்டுதான்.

ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. அரை கிலோ சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிஷம் தண்ணியில ஊறவச்சு உரிச்சு, துடைச்சு, மூடி இறுகின டப்பாவுல போட்டு பிரிட்ஜில வைங்க. நாலைஞ்சு நாள் வரும். ஒரு தேங்காயைத் துருவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமா பிரீசர்ல. அவரை, கேரட்டை நறுக்கி வைக்கலாம், வெண்டையைக் கூடாது. எதையும் கழுவி ஈரத்தோட மூடி வைக்காதீங்க.

வில்லாபுரம்: கீரை கடையும்போது பழுப்பாகுது. சோடா உப்பு போடலாமா?

வேண்டாம். நிறம் நிக்கும், ஆனா தயமின்ங்கிற வைட்டமின் பி1-ம் வைட்டமின் சியும் போயிடும். இலையிலிருந்து ஆவியாகுற அமிலம் மூடிக்குள்ள சிக்கித் திரும்ப விழறதாலதான் பழுப்பாகுது. மூடாம, கொதிக்கிற கொஞ்சத் தண்ணியில நாலைஞ்சு நிமிஷம், அவ்வளவுதான்.

ஒத்தக்கடை: சர்க்கரைக்குக் கோவைக்காய் சாறு எவ்வளவு குடிக்கணும்?

அது உங்க டாக்டர்கிட்ட கேட்க வேண்டியது. பொரியலுக்குன்னா நீளவாக்குல மெல்லிசா நறுக்கி, மூடாம வதக்குங்க.

மேலூர்: துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் பருக்கைப் பருக்கையா நிக்குது. குக்கர் கோளாறா?

குக்கரைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க. போர் தண்ணியிலதானே வேகவைக்கிறீங்க? அதுல இருக்கிற கால்சியம், பருப்போட செல்லுங்களை ஒட்டி வச்சிருக்கிற பெக்டின்ங்கிற பசையை இறுக்கிப் பிடிச்சுக்கும், எத்தனை விசில் விட்டாலும் குழையாது. குடிக்கிற தண்ணியில வேகவைங்க. நாலு பேருக்கு 100 கிராம் பருப்பு, அரை மணி நேரம் சுடுதண்ணியில ஊறல், பருப்புக்கு மூணு பங்கு தண்ணி, மஞ்சள்தூள், ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய். நாலு விசில் விட்டு, அஞ்சு நிமிஷம் சிம்ல வைங்க. ஆவி தானா அடங்கட்டும். அப்பவும் வேகலைன்னா பருப்பு பழசு. சூட்டுலயும் ஈரத்துலயும் மாசக்கணக்கா கிடந்த பருப்பு கெட்டிப்பட்டுப்போகும்.

செல்லூர்: தண்ணி இல்லீங்க, உப்புதான். உப்பு போட்டா பருப்பு வேகாதுன்னு எல்லா வீட்டுலயும் சொல்வாங்க.

சொல்வாங்க. குக்கர் அடுக்குல ரெண்டு கிண்ணம் வைங்க. ஒரே பருப்பு, ஒரே தண்ணி, ஒண்ணுல மட்டும் கால் ஸ்பூன் உப்பு. திறந்து நீங்களே மசிச்சுப் பாருங்க. உப்புல இருக்கிற சோடியம் கால்சியத்தை விலக்கிவிடும், அதனால இளகத்தான் உதவும். வேகாம தடுக்கிறது புளி. புளியும் தக்காளியும் அமிலம். அமிலத்துல பெக்டின் கரையாது. காயைப் புளித்தண்ணியில தனியா கொதிக்கவிட்டு, மசிச்ச பருப்பை அப்புறம் சேருங்க.

செல்லூர்: புளியை முதல்லயே போட்டு ஒரே குக்கர்ல சாம்பார் வைக்கிறாங்களே, அது மட்டும் எப்படி வேகுது?

ஊறின புதுப் பருப்பு, நல்ல தண்ணி, நீர்த்த புளின்னா வெந்துடும், கொஞ்சம் நேரம் கூடும். மேலூர்க்காரர் வீட்டுல அந்த மூணும் சேரலை.

அவனியாபுரம்: போர் தண்ணியைக் கொதிக்கவச்சு ஆறவச்சா போதாதா?

அந்தக் கால்சியத்துல ஒரு பகுதிதான் போகும். பைகார்பனேட்டா இருக்கிற சுண்ணாம்பு வெள்ளைப் படிவமா அடியில இறங்கிடும், தெளிவை இறுத்துக்கோங்க. சல்பேட், குளோரைடா இருந்தா எவ்வளவு கொதிச்சாலும் தண்ணியிலேயேதான் இருக்கும்.

செல்லூர்: கிண்ணம் வச்சுப் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணாத்தான் வெந்துச்சு. ஆனா உப்பு கடைசியில போட்டாத்தான் ருசி.

ருசி உங்க விருப்பம். வேகுறதைப் பத்தி மட்டும்தான் நான் சொன்னேன்.

பழங்காநத்தம்: கொத்தமல்லி, கீரை எல்லாம் கழுவி டப்பாவுல வச்சா எத்தனை நாள் வரும்?

முதல் பதிலைப் படிங்க. கழுவாதீங்க.

ஆரப்பாளையம்: பரவை மார்க்கெட்டுல வாங்கினா மலிவா இருக்காதா?

அது மொத்த வியாபாரம். நாலு பேர் குடும்பத்துக்கு அஞ்சு கிலோ கத்தரிக்காய் மலிவா கிடைச்சும் என்ன பண்ணுவீங்க? பாதி குப்பைக்குப் போனா ஆன விலை ரெட்டிப்பு. பக்கத்து வீடு ரெண்டோட பங்கு போட்டா போகலாம். இல்லைன்னா உழவர் சந்தை. தமிழ்நாட்டுல முதல் சந்தையே 1999 நவம்பர் 14-ல அண்ணாநகர்ல திறந்ததுதான். அன்னன்னைக்கு விலைப்பலகை எழுதுவாங்க, பார்த்துட்டு வாங்குங்க. காலையில சீக்கிரம் போங்க, வெயில் ஏறினா கீரை துவண்டிடும்.

மாட்டுத்தாவணி: கீரையைக் கழுவிட்டு நல்லா உலர்த்தி வைக்கலாமா?

உலர்ந்துச்சுன்னு நீங்க நினைப்பீங்க, காம்பு இடுக்குல ஈரம் இருக்கும். சமைக்கும்போது கழுவுங்க. இதுக்கு மேல கீரைக் கழுவல் கேள்வி எடுக்கலை.

உசிலம்பட்டி: கம்பு மாவு அரைச்சு பத்து நாள்ல கசக்குது. குதிரைவாலிச் சோறும் களியாயிடுது.

கம்புல எண்ணெய் சத்து அதிகம். அரைச்சதும் லைப்பேஸ்னு ஒரு நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்க ஆரம்பிச்சிடும், அந்தக் கசப்புதான். வெறும் வாணலியில வாசம் வர வறுத்து, ஆறவச்சு அரைச்சா நொதி அடங்கும். அப்பவும் ஒரு வாரத்துக்கு மட்டும் அரைங்க, மிச்சம் தானியமாவே இருக்கட்டும். கூழுக்குன்னா மாவே வேண்டாம்: ராத்திரி ஊறவச்சு, காலையில தண்ணி வடிச்சு மிக்ஸியில ஒண்ணும் பாதியுமா ஓட்டிக் காய்ச்சுங்க.

குதிரைவாலியை அரிச்சுக் கல் நீக்கி, அரை மணி நேரம் ஊறவச்சு, ஊறின தண்ணியைச் சுத்தமா வடிச்சிடுங்க. களியாகுறது பெரும்பாலும் இங்கதான். ஒரு டம்ளருக்கு ரெண்டரை டம்ளர் கொதிக்கிற தண்ணி, மூடி சிம்ல, தண்ணி வத்தினதும் அடுப்பை அணைச்சுப் பத்து நிமிஷம் திறக்காம விடுங்க. குக்கர்னா ரெண்டு டம்ளர் தண்ணி, ரெண்டு விசில். கரண்டி போட்டுக் கிண்டாதீங்க, முள்கரண்டியால ஓரத்துலருந்து உதிர்த்துவிடுங்க.