ஷாம்பெய்ன் சுற்றுலா: கட்டிய காசுக்கு என்ன கிடைக்கும்?

பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியைப் பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. தனி கார், தனி வழிகாட்டி என்று ஒரே நாளுக்குப் பெரிய தொகை கட்டியவர்களும், கட்டலாமா என்று யோசிப்பவர்களும் எழுதியவை. சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் பாரிஸில் நான்கு நாள் இருப்போம். ஒரு நாள் ஷாம்பெய்ன் பகுதிக்குப் போக ஆசை. ஓட்டல் வாசலிலிருந்தே தனி கார், வழிகாட்டி என்று ஏஜென்ட் சொல்லும் தொகை எங்கள் மொத்த ஓட்டல் செலவையும் தாண்டுகிறது. வேறு வழி உண்டா? (கோவை)

பதில்: உண்டு. பாரிஸிலிருந்து ஷாம்பெய்ன் பகுதியின் ரான்ஸ் நகரம் சுமார் 145 கிலோமீட்டர். காரில் போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கேட்கிறார்கள். பாரிஸ் கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. என்ற அதிவேக ரயில் 45 நிமிடத்தில் ரான்ஸில் இறக்கிவிடும். வழிகாட்டி வேண்டுமென்றால் அங்கிருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாம்பெய்ன் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் இரண்டைப் பார்த்தால் போதும் என்றால் வழிகாட்டியே தேவையில்லை. பொம்மெரி, தெத்தாஞ்சே, வெவ் கிளிக்கோ, ருயினார் எல்லாம் ரான்ஸ் நகருக்குள்ளேயே இருக்கின்றன. அல்லது பக்கத்து ஊரான எபெர்னேவுக்கு ரயிலில் போங்கள். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஷாம்பெய்ன் அவென்யூ. மொயெட் எ ஷாந்தோன் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. நிறுவனங்களின் சொந்த இணையதளத்திலேயே நேரம் பிடிக்கலாம். சாதாரண நிலவறைச் சுற்று தலைக்கு 25, 30 யூரோவில் தொடங்கி மேலே போகும்.

தனிச் சுற்றுலாவுக்குக் காசு கொடுக்கலாம் என்றால் அது கிராமங்களுக்காகத்தான். ஓவிலே, வெர்ஸனே, க்ராமான், அவீஸ், லெ மெனில் சூர் ஓஜே போன்ற ஊர்களுக்கு பஸ்ஸை நம்பிப் போக முடியாது. அங்கே தங்கள் திராட்சையில் தாங்களே ஷாம்பெய்ன் செய்யும் சிறு தோட்டக்காரர்கள் முன்கூட்டிச் சொன்னால்தான் கதவைத் திறப்பார்கள், பலர் பிரெஞ்சு மட்டும்தான் பேசுவார்கள். அவர்களைத் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் இருந்தால் அந்த நாள் முற்றிலும் வேறாக இருக்கும். அரை நாளோ முழு நாளோ, ரான்ஸிலோ எபெர்னேவிலோ தொடங்கும்படி கேளுங்கள்.

கேள்வி: தனிப்பட்ட சுற்றுலா என்று சொல்லித்தான் விற்றார்கள். பெரிய நிறுவனத்துக்குப் போனதும் எங்களுடன் வந்தவர் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்களை முன்பின் தெரியாத கூட்டத்தோடு சேர்த்து உள்ளே அனுப்பினார்கள். ஏமாந்துவிட்டோமா? (லண்டன்)

பதில்: பாதி. பெரிய நிறுவனங்களில் நிலவறைக்குள் கூட்டிப்போவது அந்த நிறுவனத்தின் ஆட்கள்தான். வெளியிலிருந்து வரும் வழிகாட்டி அங்கே பேச முடியாது. தனிச் சுற்று வேண்டுமென்றால் நிறுவனத்திடமே அதற்கென்று கூடுதல் பணம் கட்டி வாங்க வேண்டும். ஆக, உங்களுக்குத் தனியாகக் கிடைத்தது கார் மட்டும். விற்றவர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அதுதான் தப்பு.

வவுச்சரை எடுத்துப் பாருங்கள். நிலவறைச் சுற்றும் தனி என்று எழுதியிருந்தால் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில். கிரெடிட் கார்டில் கட்டியிருந்து, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் என்றால், பிரிட்டிஷ் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவின்படி கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. ஆனால் நடுவில் ஒரு புக்கிங் தளம் பணத்தை வாங்கியிருந்தால் வங்கி அதைக் காட்டி மறுக்கலாம். அப்போது சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்ப எடுக்கும் முறையைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பிரான்ஸில் டிரைவரும் வழிகாட்டியும் ஒன்றல்ல. காசு வாங்கிக்கொண்டு காரில் ஆளை ஏற்றிப்போகும் டிரைவருக்கு வி.டி.சி. என்ற அட்டை வேண்டும், கண்ணாடியில் அதற்கான வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ரான்ஸ் கதீட்ரல் மாதிரி நினைவுச்சின்னங்களில் விளக்கம் சொல்ல ஒரு நிறுவனம் அனுப்பும் வழிகாட்டிக்கு அரசு தரும் வேறு தொழில் அட்டை வேண்டும். உங்களுடன் வரப்போகிறவரிடம் எந்த அட்டை இருக்கிறது என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் பதிவுசெய்து மூன்று நாள்தான் ஆகிறது. 14 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் வரும்தானே? (பாரிஸ்)

பதில்: வராது. குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்குச் சேவைக்கு அந்த 14 நாள் உரிமை பொருந்தாது. விற்றவரின் ரத்து விதி என்ன சொல்கிறதோ அதுதான்.

கேள்வி: விளம்பரத்தில் மிகப் பிரபலமான ஒரு நிறுவனத்தின் வாசல் படம். அதை நம்பித்தான் பணம் கட்டினோம். அன்றைக்குக் கூட்டிப்போனது பெயரே கேள்விப்படாத இடத்துக்கு. கேட்டால், 'அல்லது அதற்கு நிகரான இடம்' என்று விதிகளில் இருக்கிறதாம். (டொராண்டோ)

பதில்: இந்த ஒரு வரியால் ஏமாந்தவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரபலமான நிறுவனங்களில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. சில நிறுவனங்கள் பொதுமக்களை உள்ளே விடுவதே இல்லை. நல்ல வழிகாட்டி முதலில் நேரம் பிடிப்பார், அப்புறம்தான் உங்களிடம் பணம் வாங்குவார். மற்றவர்கள் முதலில் உங்கள் பணத்தை வாங்கிவிட்டு, தேதி நெருங்கும்போது தேடுவார்கள். கிடைக்காதபோது தப்பிக்கத்தான் அந்த வரி. வாசலைப் படம் எடுத்துப்போடுவது யாராலும் முடியும். கட்டடம் தெருவில்தானே நிற்கிறது.

எனக்கும் இது நடந்தது. ரான்ஸில் தங்கியிருந்த ஓட்டலின் வரவேற்பு மேசையில் ஒரு நாள் சுற்றுலா வாங்கினேன். விளம்பர அட்டையில் பெரிய நிறுவனங்களின் பெயர்கள். கூட்டிப்போனது சாலையோரத்தில் இருந்த ஒரு விற்பனைக் கடைக்கு. அங்கே ருசி பார்க்கக் கொடுத்ததை விட வாங்கச் சொல்லி வற்புறுத்தியது அதிகம். ஓட்டலில் கேட்டேன், நாங்கள் விற்றுத்தான் கொடுக்கிறோம், நடத்துவது வேறு நிறுவனம் என்றார்கள். அந்த நிறுவனம் நிகரான இடம் என்றது. ஒரு யூரோ கூடத் திரும்பவில்லை. இன்றும் எனக்கு அதில் கோபம் உண்டு.

சிறிய இடம் என்பதாலேயே மட்டம் என்று சொல்லமாட்டேன். க்ராமானில் தன் கொடியில் காய்த்ததை மட்டும் வைத்து ஷாம்பெய்ன் செய்யும் ஒரு குடும்பத்தின் வீட்டில் கழியும் ஒரு மணி நேரம், பெரிய நிறுவனத்தின் பளபளப்பான சுற்றை விட நன்றாக இருக்கலாம். எனக்கே அதுதான் பிடிக்கும். ஆனால் எதைப் பார்ப்பது என்பதை முடிவுசெய்ய வேண்டியது காசு கொடுப்பவர். இரண்டும் வேறு வேறு சரக்கு. பெரிய நிறுவனம் பல விவசாயிகளிடம் திராட்சை வாங்கி, பல ஆண்டு ஒயின்களைக் கலந்து, வருடா வருடம் ஒரே ருசி வரும்படி செய்கிறது. தோட்டக்காரர் தன் ஊரின், தன் மண்ணின் ருசியைக் கொடுக்கிறார். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கொடுத்தால் அது நிகர் ஆகாது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் பழைய சுண்ணாம்புக்கல் நிலவறையைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவருக்குக் கடையின் பின்கட்டு எப்படி நிகராகும்?

பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் வாங்குங்கள். எந்த இடங்கள், எத்தனை மணிக்கு. அந்த நேரங்கள் இப்போதே உறுதியாகிவிட்டனவா. ருசி பார்க்கும் கட்டணம், சாப்பாடு யார் தலையில். இடம் மாறினால் விலை வித்தியாசத்தைத் திருப்பித் தருவோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் வழக்கு. விளம்பரப் படம், வவுச்சர், அன்று எடுத்த ஃபோட்டோக்களை வைத்து விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். சேவையின் முக்கிய அம்சத்தைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கும் விளம்பரம் பிரெஞ்சு நுகர்வோர் சட்டப்படி குற்றம். பதில் சரியில்லை என்றால் அந்த நிறுவனம் சேர்ந்திருக்கும் நுகர்வோர் மத்தியஸ்தரிடம் போகலாம். நுகர்வோருக்கு இது இலவசம், எழுத்துப் புகார் கொடுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மத்தியஸ்தர் யார் என்பதை விற்பனை விதிகளில் எழுதியிருக்க வேண்டும். அரசின் நுகர்வோர் புகார் தளமான சிக்னல்கான்ஸோவிலும் பதிவுசெய்யுங்கள். உங்கள் பணம் வராவிட்டாலும் அடுத்தவருக்கு உதவும்.

கேள்வி: சந்திக்கும் இடம் ரான்ஸ் ரயில் நிலையம். நாங்கள் ஷாம்பெய்ன்-ஆர்தென் டி.ஜி.வி. நிலையத்தில் இறங்கிவிட்டோம். அங்கேயே காத்திருந்தோம். வழிகாட்டி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். ரீஃபண்ட் கேட்கலாமா? (சிங்கப்பூர்)

பதில்: கேட்கக் கூடாது. நீங்கள் இறங்கியது நகருக்கு வெளியே பெஸான் பக்கம் இருக்கும் வேறு நிலையம். உங்கள் டிக்கெட்டில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கும், படித்திருக்க வேண்டும். அங்கிருந்து ஊருக்குள் டிராம் ஓடுகிறது. ஒரு ஃபோன் போட்டிருந்தால் பாதி நாளாவது மிஞ்சியிருக்கும். சொன்ன இடத்தில் ஒரு மணி நேரம் நின்றவர் தன் வேலையைச் செய்துவிட்டார். அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பது நியாயமில்லை.

கேள்வி: முகநூலில் பார்த்து வாட்ஸ்அப்பில் பேசினேன். தள்ளுபடி என்று சொல்லி முழுப் பணத்தையும் ஒரு தனி ஆளின் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். அம்மா அப்பாவின் திருமண நாளுக்காகச் சேர்த்த பணம். அன்று காலை யாரும் வரவில்லை, அவருடைய ஃபோன் நம்பரும் வேலை செய்யவில்லை. (லியோன்)

பதில்: படிக்கவே கஷ்டமாக இருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, திட்டம் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். இன்றே வங்கியிடம் சொல்லி, பணப் பரிமாற்றத்தைத் திரும்பப் பெற முயலச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் முக்கியம். இணைய மோசடிக்கு பிரெஞ்சு போலீஸின் தெசே சேவையில் வீட்டிலிருந்தே புகார் கொடுக்கலாம். உரையாடல் முழுவதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: பயணச் சேவை விற்கப் பதிவுசெய்த பிரெஞ்சு நிறுவனங்களின் பட்டியலை அத்தூ பிரான்ஸ் அமைப்பு இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடப் பத்து நிமிடம் கூட ஆகாது.

கேள்வி: வழிகாட்டி எதற்கு? காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிக்கொண்டு நாலு இடத்தில் ருசி பார்த்துவிட்டு வந்துவிடுவேன். (ஜெர்மனி)

பதில்: பிரான்ஸில் வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால், புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு 0.2. நாலு இடத்தில் குடித்துவிட்டு ஓட்டாதீர்கள்.

கேள்வி: பெரியவர்கள் ஒன்பது பேர். ஒரே வேனில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். (சூரிச்)

பதில்: வி.டி.சி. வண்டியில் டிரைவரோடு சேர்த்து ஒன்பது இருக்கைதான். இரண்டு வண்டி கேளுங்கள், இல்லை வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. முழங்கால் வலி, சைவம், குடிக்கவும் மாட்டார். அவரைக் கூட்டிப்போவது வீண் செலவா? (சென்னை)

பதில்: வீண் இல்லை, இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பொம்மெரியில் நிலவறைக்கு இறங்க 116 படி, அது வேண்டாம். எபெர்னேவில் மெர்சியே நிறுவனத்தின் நிலவறையைச் சிறு ரயிலில் உட்கார்ந்தபடியே சுற்றிக் காட்டுவார்கள். உங்கள் தேதிக்கு ஓடுகிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வெயில் காலத்திலும் கீழே 10, 12 டிகிரிதான் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஓவிலே கிராமத்தில் மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். தோம் பெரிஞோன் துறவியின் கல்லறை அங்கே தேவாலயத்துக்குள் இருக்கிறது. அவர்தான் ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தார் என்று வழிகாட்டி சொன்னால் நம்ப வேண்டாம். ஒயின்களைக் கலக்கும் கலையில் பேர் வாங்கியவர் அவர். நுரையைக் கண்டுபிடித்தவர் அல்ல.

சாப்பாட்டை எழுத்தில் சொல்லிவிடுங்கள். கிராமத்து உணவகத்தில் கடைசி நிமிடத்தில் சைவம் கேட்டால் சாலட்டும் பாலாடைக்கட்டியும்தான் வரும். ரான்ஸின் ரோஸ் நிற பிஸ்கட்டில் முட்டை உண்டு. குடிக்காதவருக்கு ருசிக் கட்டணம் கழியுமா என்றும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: சுற்றுலா முடிவில் ஒரு வீட்டில் எங்கள் சொந்தத் தோட்டத்து ஷாம்பெய்ன் என்று சொல்லி ஆறு பாட்டில் விற்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் லேபிளில் எம்.ஏ. என்று இருக்கிறது. அது என்ன? (ஸ்ட்ராஸ்பூர்)

பதில்: அந்த இரண்டு எழுத்து, வாங்குபவர் தன் பெயரை ஒட்டி விற்கும் சரக்கு என்பதைக் குறிக்கும். வேறு யாரோ செய்தது. தோட்டக்காரர் தானே செய்தால் ஆர்.எம்., திராட்சை வாங்கிச் செய்யும் நிறுவனம் என்றால் என்.எம்., கூட்டுறவுச் சங்கம் என்றால் சி.எம். லேபிளின் அடியில் ஒரு எண்ணுக்கு முன்னால் மிகச் சிறியதாக இருக்கும். நான் மேலே சொன்ன சாலையோரக் கடையில் வாங்கிய பாட்டில்களிலும் இதே எழுத்துகள்தான். விலை மட்டும் தோட்டக்காரர் விலை. பில்லில் சொந்தத் தோட்டம் என்று எழுதியிருந்தால் விடாதீர்கள், சிக்னல்கான்ஸோவில் புகார் கொடுங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

கேள்வி: செப்டம்பர் இரண்டாம் வாரம் சிறு தோட்டக்காரர்களைப் பார்க்கலாமா? (மதுரை)

பதில்: அறுவடை நேரம். பெரும்பாலோர் யாரையும் வரவேற்க மாட்டார்கள். மே, ஜூனில் போங்கள்.

கேள்வி: இந்தியாவுக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? வரி திரும்பக் கிடைக்குமா? (திருச்சி)

பதில்: தலைக்கு இரண்டு லிட்டர் வரை சுங்க வரி இல்லை. 75 சென்டிலிட்டர் பாட்டில் என்றால் இரண்டு. கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். பிரான்ஸில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்ற முறையில் விற்பனை வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் அதற்கான படிவத்தைக் கொடுக்கக் கடைக்காரருக்குக் கட்டாயம் இல்லை, சிறு தோட்டக்காரர்கள் பலர் கொடுப்பதில்லை. பணம் கொடுக்கும் முன் கேளுங்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே பாப்லோ என்ற சுங்க இயந்திரத்தில் படிவத்தை ஸ்கேன் செய்துவிட வேண்டும். சுங்க அதிகாரி பாட்டிலைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும்.